வெங்காய வேரும் நடவு வயலும்

மன்னார்குடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. வகுப்புக்காக வெங்காய வேரில் போட்ட மைட்டாசிஸ் ஸ்லைடில், அதாவது ஒரு செல் இரண்டாகப் பிரிவதைக் காட்டும் ஸ்லைடில், சிவப்புக் கூழ்தான் தெரிகிறது என்றாயே, அது போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை.

புதிதாகப் பிடுங்கிய வெங்காயம் சீக்கிரம் வேர் விடாது, பழையதாகப் பார்த்து எடு. 1–2 செ.மீ. வேர் வந்ததும் காலையிலேயே நுனிகளை வெட்டி, 3 பங்கு ஆல்கஹால், 1 பங்கு அசிட்டிக் அமிலம் கலந்ததில் ஒரு நாள் போட்டு வை. பிறகு ஸ்லைடில் அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தோடு ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து இளஞ்சூடு காட்டு, கொதித்தால் போச்சு. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசையை அமிலம் இளக்கினால்தான் வேர் ஒரே அடுக்காக நசுங்கும். உன் கூழுக்குக் காரணம் இங்கேதான் இருக்கும். இன்னொன்று, கடைசி 2 மி.மீ. தவிர மற்றதை வெட்டி எறி. அதற்கு மேலே செல் நீளுமே தவிர பிரியாது.

முளை கட்டிய நெல்லில் பார்த்தால் என்ன என்று இங்கே பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்பார்கள். செல் பிரியும்போது நாம் பார்ப்பது குரோமோசோம் என்ற மரபு இழைகளைத்தான்; நெல்லில் அவை 24, அத்தனையும் பொடிசு. வெங்காயத்தில் 16தான், ஆனால் பெரிசு பெரிசாக இருக்கும்.

பாடப்புத்தகப் படம் மாதிரி செல் பிரிவின் நாலு நிலையும் வரிசையாக நிற்கும் என்று மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதே. ஆல்கஹாலில் விழுந்தபோதே எல்லா செல்லும் செத்தாயிற்று. அந்தக் கணத்தில் எது எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிட்டது; வரிசை நாம் போடுவது. நடவு வயலை ஒரே ஒரு போட்டோ எடுத்துப் பார். குனிந்து நடுகிறவர்கள் நிறைய, நிமிர்ந்து இடுப்பைப் பிடித்து நிற்பவர் ஒன்றிரண்டு பேர். எதற்கு நேரம் அதிகம் பிடிக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடுமல்லவா? அதனால் படம் வரையச் சொல்வதற்கு முன் எண்ணச் சொல். பெரும்பாலானவை இன்டர்ஃபேஸில், அதாவது இன்னும் பிரியத் தொடங்காத நிலையில் இருக்கும்; பிரிகிறவற்றில் முதல் நிலையான புரோஃபேஸ் அதிகம், குரோமோசோம்கள் இரு பக்கமாக விலகும் அனாஃபேஸ் தேடித்தான் கிடைக்கும். ரெக்கார்டு நோட்டுக்கு மார்க் போடுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை, நீ கேள்.

உயிரோடு பிரிவதைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளை இருந்தால், ட்ரடெஸ்கான்ஷியா பூவின் மகரந்தத்தாள் மயிர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் பார்த்தது அதில்தான். பொறுமை வேண்டும்.

மைக்ராஸ்கோப்பில் 40 மடங்கு லென்ஸுக்கு மாறியபின் பிள்ளைகளைப் பெரிய திருகைத் தொட விடாதே, ஸ்லைடின் மேல் மூடிய கவர் ஸ்லிப் கண்ணாடி நொறுங்கும். அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள். ஸ்லைடு சரியாக வந்தால் செல்போனில் படமெடுத்து அனுப்பு.

அப்பா