வாண்டா செடியை மண் நிரப்பிய தொட்டியில் கொடுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்களிடம் இரண்டு வாண்டா செடி வாங்கிய வாடிக்கையாளர்,
தென்காசி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தவறான பராமரிப்பு அட்டையால் ஒரு செடி அழுகியது, செடிகள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி, பணத்தைத் திருப்பித் தருவது.

ஐயா / அம்மா,

ஜூன் மாதம் இரண்டாவது வாரத்தில் உங்களிடம் இரண்டு வாண்டா டெசலேட்டா (மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட் வகைப் பூச்செடி) ஆர்டர் செய்தேன். செடி ஒன்றுக்கு 650 ரூபாய், கூரியர் 140, ஆக மொத்தம் 1,440 ரூபாய். "நம்ம மண்ணின் ஆர்க்கிட், நர்சரியில் வளர்த்தது, பூக்கும் பருவம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். அந்த முதல் வரிக்காகத்தான் வாங்கினேன். எங்கள் ஆச்சி வீட்டுப் புளியமரத்தில் இந்தச் செடி இருந்தது. கோடையில் பூக்கும். கட்டம் போட்ட லுங்கி மாதிரி மஞ்சளும் பழுப்புமாக இதழ், நடுவில் ஊதா நிறத்தில் ஒரு உதடு, பக்கத்தில் போனால் நல்ல வாசம். ஆச்சி அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. புல்லுருவி என்று நினைத்து யாரோ வெட்ட வந்தபோது, "அது மரத்தைத் தின்னாது, சும்மா உட்கார்ந்திருக்கு, விடு" என்று விரட்டிவிட்டாள். ஆச்சி சொன்னது சரிதான். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கி உறிஞ்சும். இது பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பார்சலைப் பிரித்தபோது இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள். ஒன்று வழியிலேயே உடைந்து நொறுங்கியிருந்தது. மற்றது முழுசாக இருந்தது. அதற்குள் செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் எல்லாம் கலந்து அமுக்கி, தண்டில் நாலு விரல் உயரத்துக்குப் புதைத்திருந்தீர்கள். கூடவே ஒரு வழவழப்பான அட்டை. அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: "தினமும் காலை, மாலை இருவேளையும் செடி முழுவதும் நனையும்படி பூவாளியால் நீர் ஊற்றவும். மண் எப்போதும் ஈரமாக இருக்கட்டும்."

எனக்கு அப்போதே மனசு உறுத்தியது. மரத்தில் தொங்கிய செடிக்கு மண் எதற்கு? ஆனாலும் விற்கிறவர்களுக்குத் தெரியாதா, இது நர்சரியில் மண்ணுக்குப் பழகிய செடியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுத் தொட்டியை அட்டையில் சொன்னபடியே வைத்தேன். உடைந்த தொட்டியில் வந்த செடிக்கு வேறு தொட்டி கைவசம் இல்லாததால், ஒட்டியிருந்த மண்ணைக் கழுவிவிட்டு, பழைய வாயில் சேலையைக் கிழித்து, வாசல் மாமரத்தில் கிழக்குப் பக்கமாகக் கட்டிவிட்டேன். முதலில் கொய்யா மரத்தில்தான் கட்டப் போனேன். அது பட்டை உரிக்கும் மரம், வேர் பிடித்த இடமே ஒருநாள் கழன்று விழுந்துவிடும் என்று கடைசி நேரத்தில் நினைவு வந்தது.

அது குற்றாலச் சாரல் காலம். எங்கள் ஊரில் துவைத்த துணியே இரண்டு நாளைக்குக் காயாது. அட்டையில் சொன்ன மாலைத் தண்ணீரும் சேர்ந்து, தொட்டி ஒருநாள்கூட உலரவில்லை. மூன்றாவது வாரத்தில் இலைகள் சுருங்கின. உங்கள் சேவைப் பிரிவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "நீர் பற்றாக்குறை, கூடுதலாக ஊற்றவும்" என்று பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. ஊற்றினேன். ஐந்தாவது வாரம் உச்சிக் குருத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் எல்லாம் பழுப்பு நிறத்தில் நசநசவென்று, தோலை இழுத்தால் உள்ளே நூல் மட்டும் மிச்சம்.

இது ஏன் நடந்தது என்பது செடி விற்கிறவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அட்டையைப் பார்த்தால் சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது. வாண்டாவின் வேரைச் சுற்றி, பஞ்சு மாதிரி, உயிரில்லாத செல்களாலான ஒரு உறை இருக்கிறது. மழை பட்டால் சட்டென்று குடித்துக்கொள்ளும், அப்புறம் காற்றில் உலர்ந்துவிடும். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம். நனைந்தால் உள்ளிருக்கும் பச்சையம் தெரிந்து வேரே பச்சையாகிவிடும். எப்போது தண்ணீர் வேண்டும் என்பதை வேரின் நிறமே காட்டிவிடும், அட்டையே தேவையில்லை. அந்த வேரை ஈரமண்ணில் புதைத்தால் காற்று கிடைக்காமல் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்கு நடுவிலேயே செடி தாகத்தில் இலை சுருங்கும். உங்கள் ஆட்கள் படத்தில் பார்த்தது அதைத்தான். வேரின் படத்தையும் அனுப்பச் சொல்லியிருந்தால் அன்றைக்கே காப்பாற்றியிருக்கலாம்.

குருத்தின் விஷயமும் இதே கதைதான். வாண்டா ஒற்றைத் தண்டாக உச்சியிலிருந்து மட்டும் வளரும் செடி. சாயங்காலம் ஊற்றிய நீர் இலை இடுக்கில் இரவு முழுக்கத் தேங்கினால் குருத்து அழுகும். அதோடு மேல் வளர்ச்சி நின்றுவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் பக்கக் கன்று வரும், எனக்கு வரவில்லை. எங்கள் வெயில் காலத்தையே புளியமரத்தில் உட்கார்ந்து தாண்டுகிற செடி இது. ஐந்து வாரத்தில் அதைக் கொல்வதற்கு உங்கள் அட்டையால் முடிந்திருக்கிறது.

உடைந்த தொட்டிச் செடிக்கு நான் செய்தது கொஞ்சம்தான். மழை இல்லாத நாளில் காலையில் மட்டும், வேர் பச்சையாகும் வரை, பிடித்து வைத்த மழைத்தண்ணீரைத் தெளித்தேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, பாத்திரத்திலேயே வெள்ளையாகப் படியும், அதனால் தொடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20-20-20 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது), பொட்டலத்தில் போட்ட அளவில் கால் பங்கு கரைத்துத் தெளித்தேன். இப்போது இரண்டு புது வேர்கள், பச்சை நுனியோடு, மாமரப் பட்டையைப் பிடித்திருக்கின்றன. உங்கள் கூரியர்காரர் தொட்டியை உடைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டிய நிலை.

இன்னொன்று. அந்தச் செடியைக் கழுவும்போது கவனித்தேன். வேர்கள் ஒரு பக்கம் தட்டையாக இருந்தன, பல வேர்கள் ஒரே வாக்கில் பிய்ந்திருந்தன, இரண்டில் மரப்பட்டைத் துண்டு ஒட்டியிருந்தது. அடித்தண்டில் பழைய பூங்கொத்துகளின் காய்ந்த காம்புகள் மூன்று. நர்சரியில் கரித்துண்டிலோ தேங்காய் மட்டையிலோ வளர்ந்த செடியின் வேரில் மரப்பட்டை எப்படி வரும்? ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, உள்ளே சேமித்த உணவு கிட்டத்தட்ட கிடையாது, காட்டில் பூஞ்சையின் துணை இருந்தால்தான் முளைக்கும். ஆனால் சர்க்கரை சேர்த்த ஊட்டக் கூழில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் 1922லேயே காட்டிவிட்டார். ஆக, நாற்று வேண்டுமென்றால் ஆய்வுக்கூடம் இருக்கிறது, மரத்திலிருந்து பிடுங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நீங்கள் பிடுங்கினீர்கள் என்று நான் சொல்லவில்லை. யாரிடமிருந்து வாங்கினீர்கள் என்று கேட்கிறேன். காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் செடி எடுப்பது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பணம் திருப்பித் தர முடியாது, ஏழு நாளுக்குள் புகார் சொல்லியிருக்க வேண்டும் என்று கடைசியாகப் பதில் போட்டிருக்கிறீர்கள். வேர் அழுகல் ஏழு நாளில் வெளியே தெரியாது. அதுவும் உங்கள் அட்டையைப் பின்பற்றியதால் வந்த அழுகல். அதனால் இறந்த செடியின் விலை 650 ரூபாயையும், கூரியர் கட்டணத்தில் பாதி 70 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். இரண்டு செடிகளும் எந்த நர்சரியிலிருந்து அல்லது ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தன என்பதற்கான கொள்முதல் ரசீதின் நகலை அனுப்புங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அந்த அட்டையை இன்றோடு நிறுத்துங்கள். இந்த மாதமும் யாராவது அதைப் படித்துக்கொண்டு சாயங்காலம் பூவாளியோடு நின்றுகொண்டிருப்பார்கள். வாண்டாவை மண்ணில்லாமல் அனுப்புங்கள், பார்சல் எடையும் குறையும், உங்களுக்கும் லாபம்தான்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அட்டை, ரசீது, வேரின் படங்கள், உங்கள் ஆட்கள் அனுப்பிய பதில்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

பணம் வேண்டுமென்றால் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உங்கள் விதியில் இருக்கிறது. அழுகிய செடியைக் காயவைத்து ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன். அந்தத் தொட்டியையும் மண்ணையும் கேட்காதீர்கள், அதில் தக்காளி நட்டுவிட்டேன், நன்றாக வந்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தென்காசி