'படம்: இணையம்' என்று ஒருவர் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் இதழிலும் இணையப் பதிப்பிலும் வந்த ஏற்காடு கட்டுரையில் கிளியூர் அருவியின் படத்தைக் கண்டதும் மகிழ்ந்தேன். அது நான் எடுத்த படம். ஆனால் அதன் அடியில் 'படம்: இணையம்' என்று அச்சிட்டிருந்தீர்கள். ஏரி நிரம்பி வழிந்தால்தான் அந்த அருவி முழுதாக விழும் என்பதால், ஐப்பசி மழையில் அம்மாப்பேட்டையிலிருந்து மூன்று முறை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய், கேமராவைக் குடைக்குள் பொத்திக்கொண்டு வழுக்கும் படிகளில் இறங்கி எடுத்தது அது.

எவரும் எடுத்தாளக்கூடிய படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் இணையதளத்தில் அதை நானே பதிவேற்றினேன். யாரும் காசு கொடுக்காமல் எடுத்தாளட்டும் என்பதே என் விருப்பம். படைப்பைப் பிறர் எடுத்தாள முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் புழக்கத்தில் இருப்பதும், அவற்றில் எதுவும் கேட்காத சி.சி.0 ஒருவகை, பெயர் குறிப்பிடச் சொல்வது வேறுவகை என்பதும் தாங்கள் அறிந்ததே. நான் தேர்ந்தது இரண்டாவதை. எடுத்தவர் பெயர், உரிமத்தின் பெயர், அதற்கான இணைப்பு, படத்தை மாற்றியிருந்தால் அந்த விவரம் ஆகியவற்றைத் தர வேண்டும் என்பதே நிபந்தனை. தாங்கள் வலப்பக்கப் பாறையை வெட்டிவிட்டீர்கள், அதையும் சொல்லவில்லை.

இது முதல் முறையன்று. சேர்வராயன் கோயிலை நான் எடுத்த படம் ஒரு விடுதியின் நாள்காட்டியில் விடுதியின் முத்திரையோடு வந்தது. ஒரு பள்ளியின் ஆண்டு மலரில் 'நன்றி: கூகுள்' என்று போட்டிருந்தார்கள். தேடித் தருவது மட்டுமே கூகுளின் வேலை. படத்துக்கு உரியவர் யார் என்பதை அதைச் சொடுக்கித் திறந்து பார்த்திருந்தால் அறிந்திருக்கலாம். தொலைபேசியில் கேட்டபோது, "நெட்டில் கிடந்தது, எடுத்தோம்" என்றார்கள். களத்தில் காயும் காப்பிக்கொட்டையைக் கண்டு, அது கிடந்தது என்று யாரும் அள்ளிப் போவதில்லை.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் படைத்தவர் நானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. நானோ விற்கவுமில்லை. இத்தனை ஆண்டுகளாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கும் எனக்கு, என் படத்துக்குக் கீழே ஒரு வரி இடம் கிடைக்காமல் போனதுதான் தாங்க முடியவில்லை.

பணமோ மன்னிப்போ கேட்கவில்லை. நிபந்தனையை மீறியதும் உரிமம் முடிந்துவிடுகிறது. பிழையை அறிந்த 30 நாளுக்குள் திருத்தினால், அதன் 4.0 பதிப்பின்படி தானாகவே மீள்கிறது. இணையப் பதிப்பில் அந்த ஒரு வரியை மாற்றி, அடுத்த ஞாயிறு இதழில் சிறு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். என் பெயரை இங்கே எழுதவில்லை. தாங்கள் படத்தை எடுத்துக்கொண்ட இணையப் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அம்மாப்பேட்டை, சேலம்.