மீட்டோம் என்று சொல்வோரிடம் ஒரு கணக்குக் கேட்டு

நொடிந்த உணவகங்களை மீட்டெடுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தயாரிப்போருக்கும் ஒளிபரப்புவோருக்கும்,

வணக்கம்.

உணவகங்களுக்குக் கணக்கு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் நான். தள்ளாடிக்கொண்டிருக்கும் ஓர் உணவகத்துக்குள் பெயர்பெற்ற சமையல் கலைஞர் ஒருவர் நுழைவதையும், சில நாள்களுக்குள் அதன் சுவரும் உணவுப் பட்டியலும் மாறி வாசலில் கூட்டம் நிற்பதையும் காட்டும் உங்கள் நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் பார்த்து வருகிறேன். அவற்றின் மீது எனக்கு வெறுப்பு இல்லை. நான் செய்யும் வேலை எத்தகைய இடத்தில் நடக்கிறது என்பதை என் வீட்டாருக்குப் புரியவைத்தவையே அவைதாம். அந்தப் பற்றுதலோடு ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன். ஓர் உணவகத்தை மீட்டுவிட்டோம் என்று நீங்கள் அறிவிக்கும்போது, அது எவ்வளவு ஆழமான பள்ளத்தில் கிடந்தது, கரையேறிய பின் எத்தனை காலம் நின்றது என்ற இரண்டையும் பார்வையாளர்களுக்குச் சொல்லுங்கள். இன்றைய நிலையில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் இவ்விரண்டையும் சொல்லாமலே முடிந்துவிடுகின்றன.

பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் 2004இல் சமையல் கலைஞர் கோர்டன் ராம்சே வழி பரவலாக அறிமுகமான வடிவம் இது. 2007இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி அதை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றது; பிரான்சில் 2011இல் பிலிப் எட்செபெஸ்டும், ஸ்பெயினில் 2012இல் ஆல்பெர்த்தோ சிக்கோட்டேயும் தத்தம் மொழியில் அதே வேலையைச் செய்யத் தொடங்கினார்கள். இருபது ஆண்டுகளைக் கடந்தும் இந்த வடிவம் நிலைத்திருப்பதற்குக் காரணம் வெறும் கூச்சல் என்று நான் கருதவில்லை. ஒரு தொழிலின் உட்புறத்தை மக்கள் இதன் வழியாகவே பார்த்தார்கள். குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் தேதி எழுதாமல் கிடக்கும் டப்பாக்களை வெளியே எடுத்து மேசைமேல் வைக்கும் அந்த ஒரு காட்சி, உணவுப் பாதுகாப்பைப் பற்றிய பல துண்டறிக்கைகள் செய்யாததைச் செய்திருக்கிறது. முதலில் வந்த சரக்கை முதலில் எடுத்தாள வேண்டும் என்ற விதியும், சமைத்த இறைச்சிக்கு மேல்தட்டில் பச்சை இறைச்சியை வைக்கக் கூடாது என்ற விதியும் இப்போது தொழிலுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் தெரியும்.

உணவுப் பட்டியலைச் சுருக்கச் சொல்லும் உங்கள் அறிவுரை இன்னும் மதிப்புள்ளது. ஏறத்தாழ ஒவ்வொரு பகுதியிலும் வருவதால் பலர் அதைச் சடங்காக நினைக்கக்கூடும். எண்பது வகை உணவை எழுதி வைத்திருக்கும் சமையலறை, அந்த எண்பதுக்கும் தேவையான பொருள்களை வாங்கி இருப்பு வைத்தாக வேண்டும். அவற்றில் அறுபது வகை நாளொன்றுக்கு ஓரிரு முறைகூடக் கேட்கப்படாமல் போகலாம். அவற்றுக்காக வாங்கிய பொருள் அழுகும், அல்லது உறைநிலைப் பெட்டிக்குப் போய்ச் சுவை இழக்கும். சமையலருக்கு எந்த உணவும் கைவந்ததாக ஆகாது. மேசைக்குப் போகும் நேரம் நீளும். காத்திருக்கும் வாடிக்கையாளர் அடுத்த முறை வரமாட்டார். பட்டியலை இருபதாகக் குறைப்பதால் இவை அனைத்தும் ஒரே வீச்சில் சரியாகின்றன. எனக்குத் தெரிந்த முதலாளிகள் சிலர் உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்தே இதைச் செய்தார்கள் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

ஆனால் நீங்கள் திறக்காத பொருள் ஒன்று எல்லா உணவகத்திலும் இருக்கிறது. அது கணக்குப் புத்தகம். கடன் சுமை இவ்வளவு என்று தொடக்கத்தில் உரிமையாளர் கண்ணீரோடு ஒரு தொகையைச் சொல்கிறார். அந்தத் தொகை அதன் பிறகு திரும்ப வருவதே இல்லை. அது யாருக்குக் கொடுக்க வேண்டிய கடன், வட்டி எவ்வளவு, வாடகை எத்தனை மாதம் பாக்கி, கொள்முதல் செய்த இடத்தில் தவணை நின்றுவிட்டதா என்பவை கேட்கப்படுவதும் இல்லை. சமையலறைச் சுவரில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை அவ்வளவு நெருக்கத்தில் காட்டும் ஒளிப்படக் கருவி, பேரேட்டின் ஒரு பக்கத்தையாவது காட்டியிருக்கலாம்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பொதுவாக இந்தத் தொழிலில் விற்பனை நூறு என்றால், அதில் முப்பதைச் சுற்றி உணவுப் பொருள்களுக்கும், ஏறக்குறைய அதே அளவு ஊதியங்களுக்கும் போய்விடும். வாடகை பத்துக்குள் நின்றால் மூச்சுவிட இடம் உண்டு. மின்சாரம், எரிவாயு, பழுதுபார்ப்பு, வரி, வட்டி எல்லாம் போக, நன்றாக நடக்கும் உணவகத்திலேயே மூன்று முதல் ஐந்து வரை கையில் நின்றால் அது நல்ல ஆண்டு. இவ்வளவு மெல்லிய இழையில் தொங்கும் தொழிலில், எதில் எவ்வளவு கசிகிறது என்று பார்க்காமல் செய்யும் எந்தச் சீர்திருத்தமும் ஊகமாகவே இருக்கும்.

நான் கணக்கெழுதிய ஓர் உணவகத்தில் மாலை நேரங்களில் இருக்கை கிடைக்காது. சுவையில் குறை இல்லை, சுத்தத்தில் குறை இல்லை, பணியாளர்களும் பல ஆண்டுகளாக மாறாதவர்கள். ஆயினும் மாதக் கடைசியில் ஊதியம் கொடுக்க உரிமையாளர் கைமாற்று வாங்கிக்கொண்டிருந்தார். கல்லாவில் திருட்டு நடக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார், காசாளரைச் சந்தேகித்தார், கடைசியில் சொந்தத் தம்பியையே சந்தேகித்தார். ஒவ்வொரு உணவுக்கும் ஆகும் பொருள் செலவைக் கிராம் கணக்கில் எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்தக் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த உணவின் விலையை அவர் நான்கு ஆண்டுகளாக ஏற்றவில்லை. மூலப்பொருள்களின் விலை அதற்குள் ஏறிவிட்டிருந்தது. ஊதியமும் வாடகையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு தட்டும் நட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் கூடக் கூட நட்டமும் கூடியது.

அந்த உணவகத்துக்கு உங்கள் குழு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சுவருக்குப் புதிய வண்ணம், புதிய விளக்குகள், மறுதிறப்பு இரவு, வாசலில் வரிசை. விலையைத் தொடாமல் கூட்டத்தை மட்டும் பெருக்கியிருந்தால் முதலுக்கே மோசம் வந்திருக்கும். அங்கே தேவைப்பட்டது ஒரு தராசும் ஒரு பென்சிலும் இரண்டு நாள் பொறுமையும். அது காட்சிக்கு உகந்ததாக இருக்காது என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த எண்ணைப் பார்த்த நொடியில் உரிமையாளரின் முகம் போன போக்கையும், அவர் எழுந்து போய்த் தம்பியின் தோளில் கை வைத்ததையும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்து, காலம். அமெரிக்காவில் 2011இல் ராபர்ட் இர்வைன் தொடங்கிய நிகழ்ச்சியின் நிபந்தனை இரண்டு நாள், 10,000 டாலர். 2018இல் ராம்சேயின் மற்றொரு நிகழ்ச்சி 24 மணி நேரமே போதும் என்று தலைப்பிலேயே அறிவித்தது. மேசை நாற்காலிகளை ஓர் இரவில் மாற்றிவிட முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. பத்து ஆண்டுகளாக ஒரே முறையில் சமைத்துப் பழகிய கைகளும், கொடுக்கல் வாங்கலில் கெட்டுப்போன பெயரும், கணவன் மனைவிக்கிடையே பேசாமல் விட்ட மனத்தாங்கலும் ஓர் இரவில் மாறுவதில்லை. படப்பிடிப்பு வாரத்தில் உங்கள் குழுவைச் சேர்ந்தவர்கள் சமையலறையில் உடன் நிற்கிறார்கள். அவர்கள் போன மறுநாள் அதே இரண்டு பேர், பழகாத பட்டியலை வைத்துக்கொண்டு, கேள்விப்பட்டு வந்த கூட்டத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஒளிபரப்புக்குப் பின் வருவோரில் பலர் வேடிக்கை பார்க்க வருபவர்கள். அந்த அலை ஓய்ந்த பிறகு பழைய வாடிக்கையாளரும் புதிய உணவு பிடிக்காமல் விலகியிருந்தால், அந்த உணவகத்துக்கு நீங்கள் வருவதற்கு முன் இருந்த தரையும் நழுவிவிடுகிறது.

உங்கள் நிகழ்ச்சிகள் முழுக்கப் புனைவு என்ற குற்றச்சாட்டை நான் வைக்கவில்லை. பிரிட்டிஷ் தொடரின் முதல் பகுதியில் காட்சிகள் போலியாக அமைக்கப்பட்டதாக எழுதிய லண்டன் நாளிதழ் ஒன்று 2006இல் மன்னிப்புக் கேட்டு 75,000 பவுண்டு இழப்பீடு கொடுக்க நேர்ந்தது என்பதை அறிவேன். என் கவலை படத்தொகுப்பைப் பற்றியது. பல நாள் பதிவை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கும்போது, எந்த வாக்கியத்துக்குப் பின் எந்த முகம் வருகிறது, எந்த இடத்தில் இசை உயர்கிறது என்பவையே ஒருவரைப் பொறுப்பற்றவராகவோ பாவப்பட்டவராகவோ ஆக்கிவிடுகின்றன. பிரிட்டிஷ் தொடரையும் அதன் அமெரிக்க வடிவத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முன்னதில் ராம்சே தம் குரலில் நிதானமாகத் தொழிலை விளக்கிக்கொண்டு போவார். பின்னதில் அந்த இடத்தை இடியோசையும் அதிர்ச்சி இசையும் எடுத்துக்கொண்டன. மனிதர் ஒருவர்தாம், தொழிலும் ஒன்றுதான்.

இந்த இடத்தில் பணியாளர்களைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அவர்கள் சார்பில் உங்களுக்குக் கடிதம் எழுதுவோர் மிகவும் குறைவு. உரிமையாளர் தாமாக விண்ணப்பித்து உங்களை அழைக்கிறார். பாத்திரம் கழுவுபவரும் பரிமாறுபவரும் அப்படி அழைக்கவில்லை. முதலாளி சம்மதித்த பிறகு ஒப்புதல் படிவம் நீட்டப்படும்போது, மறுத்தால் வேலை என்னவாகும் என்ற அச்சத்தோடு கையெழுத்திடுபவரின் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஸ்காட்ஸ்டேல் நகர உணவகம் ஒன்றைப் பற்றி 2013 மே மாதம் ஒளிபரப்பான பகுதியை உலகமே பார்த்தது. உரிமையாளர்கள் எந்த அறிவுரையையும் ஏற்காததால் ராம்சே பாதியில் வெளியேறிய பகுதி அது. அதில் ஓர் இளம் பரிமாறுநர் ஒரு சிறு கேள்வி கேட்டதற்காக ஒளிப்படக் கருவியின் முன்னிலையிலேயே வேலையை இழந்தார். வாடிக்கையாளர்கள் விட்டுச் சென்ற அன்பளிப்புத் தொகை பரிமாறியவர்களைச் சேராமல் உரிமையாளர்களிடம் போனதும் அதே பகுதியில்தான் வெளிப்பட்டது. பார்த்தவர்கள் பேசியதோ உரிமையாளர்களின் கோபத்தைப் பற்றி. சேவைக்கான தொகை யாருக்கு உரியது என்ற கேள்வி அந்தக் கோபத்தின் இரைச்சலில் பின்னுக்குப் போய்விட்டது.

பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், பங்கேற்பதால் கணிசமான பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்களின் நலனில் ஒளிபரப்பாளர்கள் உரிய கவனம் செலுத்த வேண்டும் என்ற விதியை 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அத்தகைய விதி இல்லாத நாடுகளிலும் நீங்களாகவே அதை மேற்கொள்ளத் தடை ஏதும் இல்லை. கடனில் மூழ்கியவர் ஏற்கெனவே தூக்கம் தொலைத்தவர். அவரை ஊரறியக் கடிந்துகொள்வதற்கு முன்பும் ஒளிபரப்புக்குப் பின்பும் அவரோடு பேச ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பணியாளர்களின் ஒப்புதலை முதலாளி இல்லாத அறையில் கேளுங்கள். வேண்டாம் என்பவரின் முகத்தைக் காட்டாதீர்கள்.

மீட்கப்பட்டதாகக் காட்டப்பட்ட உணவகங்களில் பல பின்னர் மூடப்பட்டுவிட்டன என்பதை உங்கள் பார்வையாளர்கள் தாமே தேடித் தெரிந்துகொள்கிறார்கள். ஃபாக்ஸ் தொடரில் வந்தவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. இதற்காக உங்களைக் குறைகூறுவது நியாயமாகாது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகர உணவகங்களை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வின்படி, புதிய உணவகங்களில் ஏறத்தாழ 26 விழுக்காடு முதல் ஆண்டிலும், சுமார் 60 விழுக்காடு மூன்று ஆண்டுகளுக்குள்ளும் மூடப்பட்டோ கைமாறியோ போயின. பத்தில் ஒன்பது முதலாண்டிலேயே மூடும் என்று சொல்லப்பட்டு வந்த கதையை அந்த ஆய்வு மறுத்தது. ஆயினும் அது தரும் எண்களும் சிறியவை அல்ல. தொழில் உரிமையாளரின் உடலையும் குடும்ப வாழ்க்கையையும் உறிஞ்சிவிடுவதும் மூடுவதற்கான காரணங்களில் ஒன்று என்று அந்த ஆய்வு குறிப்பிட்டது. நலிந்த பின் உங்களிடம் வருபவை இவற்றிலும் மோசமான நிலையில் உள்ளவை. பாதியைக் காப்பாற்றினாலே அது பெரிய செயல்.

ஆகவே மூடியதை மறைக்கத் தேவையில்லை. பிரிட்டிஷ் தொடரின் தொடக்கப் பகுதிகளில் சில வாரங்கள் கழித்து மீண்டும் சென்று பார்க்கும் வழக்கம் இருந்தது. அமெரிக்கத் தொடரும் சில உணவகங்களுக்கு மறுபடி சென்றது. அந்த வழக்கத்தைத் தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு மட்டும் வைக்காமல் அனைத்துக்கும் விரியுங்கள். ஓராண்டு முடிவில் சென்று, கடனில் எவ்வளவு குறைந்தது, பட்டியலில் எது நிலைத்தது, யார் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கதவு பூட்டியிருந்தால், பூட்டியவரிடம் ஏன் என்று கேட்டு, அவர் சொல்வதைத் தொகுப்பின் இசை இல்லாமல் ஒளிபரப்புங்கள். உணவகம் தொடங்கலாமா என்று சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் ஒருவருக்கு மறுதிறப்பு இரவின் கைதட்டலைவிட அந்தப் பத்து நிமிடம் பயன்படும்.

புதிய படப்பிடிப்புக்குப் பணம் இல்லை என்று நீங்கள் சொன்னால், செலவே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம். பழைய பகுதிகளை நீங்கள் நாள்தோறும் மறுஒளிபரப்புச் செய்கிறீர்கள். அவை ஒவ்வொன்றின் இறுதியிலும், அந்த உணவகம் இன்று நடக்கிறதா, மூடியிருந்தால் எந்த ஆண்டு மூடியது என்று ஒரு வரி போடுங்கள். அடுத்த மறுஒளிபரப்பிலேயே அதைப் பார்க்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
உணவகங்களுக்குக் கணக்கெழுதும் உங்கள் பார்வையாளன்