மின்கட்டணச் சுமையைக் குறைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய நண்பர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் வணக்கம்.

பழனி மலையடிவாரத்தில் ஆதரவற்ற முதியோருக்கான இல்லத்தையும் அதனோடு இணைந்த வலிதணிப்புச் சிகிச்சைப் பிரிவையும் நடத்திவரும் எங்கள் அறக்கட்டளை, தனக்குத் தேவையான பகல்நேர மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தன் கூரையில் அமைத்த சூரிய மின்தகடுகளிலிருந்தே பெறத் தொடங்கி ஓராண்டு நிறைவடைந்திருக்கிறது. இதற்குத் துணைநின்றவர்களுக்குத் தனித்தனியே கடிதம் எழுதியிருக்கலாம். ஆயினும், நீங்கள் செய்த உதவி எத்தகையது என்பதை மற்றத் தொண்டு நிறுவனங்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பியே இதைப் பொதுவில் எழுதுகிறோம்.

இல்லம் நடத்துவோர் அனைவரும் அறிந்த நிலை இது. பிறந்தநாளையும் நினைவுநாளையும் முன்னிட்டு ஒருவேளை உணவுக்குப் பணம் தருவோர் ஆண்டு முழுவதும் உண்டு. புடவை, போர்வை, மருந்து ஆகியவற்றிற்கும் மனமுவந்து தருவார்கள். மின்கட்டணத்தைச் செலுத்துகிறேன் என்று முன்வருவோர் மிக அரிது. இன்சுலின் கெடாமலிருக்க மருந்துக் குளிர்பெட்டி இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருந்தாக வேண்டும்; மூச்சுத்திணறும் முதியவருக்கு ஆக்சிஜன் செறிவூட்டி இரவும் பகலும் ஓடியாக வேண்டும். இவற்றை நிறுத்திச் சிக்கனம் செய்ய வழியில்லை. ஆகவே கட்டணம் உயரும்போதெல்லாம் செவிலியர் நியமனம் தள்ளிப்போகும். கட்டடப் பழுது அப்படியே நிற்கும். அந்தச் சுமையைக் குறைப்பதும் தொண்டுதான் என்று உணர்ந்தவர்கள் நீங்கள்.

அரசின் சலுகைகள் எங்களைப் போன்றோரை எவ்வாறு கடந்து செல்கின்றன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2024-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு குடும்பத்திற்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது, அது வீடுகளுக்கானது. முன்பு சமூக நலத் தொண்டு நிறுவனங்களின் கூரைகளுக்கும் மத்திய அரசின் மானியம் இருந்தது. கூரைச் சூரிய மின்திட்டத்திற்கு 2019-இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் கட்டத்தில் அது வீடுகளோடு நின்றுவிட்டது. தொழில் நிறுவனங்களோ சூரிய மின்கருவிகளின் மதிப்பில் ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளைக்கு அந்தக் கழிவால் யாதொரு பயனும் இல்லை. வீட்டுக்காரருக்கு மானியம், முதலாளிக்கு வரிச்சலுகை என்று இரு பக்கமும் கதவு திறந்திருக்க, நடுவில் நிற்கும் தொண்டு நிறுவனம் முழு விலையையும் கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. எங்கள் மனத்தில் இது நெடுநாளாக இருந்துவரும் குறை. கொள்கை வகுப்போர் இதைச் சீர்செய்ய வேண்டும் என்று இம்மடலின் வாயிலாகவும் வேண்டுகிறோம்.

இந்த நிலையில் எங்களுக்கு முதலில் கைகொடுத்தவர் ஓர் இளம் பொறியாளர். பெயர் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதை மதிக்கிறோம். கூரையை அளப்பதற்கு முன்பாக அவர் செய்த வேலை, ஒவ்வோர் அறையிலும் எந்தக் கருவி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று குறிப்பெடுத்ததுதான். எங்களிடம் 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிகள் 40 இருந்தன. படுக்கையிலிருக்கும் நோயாளிகளுக்காக அவை நாளில் 20 மணி நேரம் ஓடும். அவற்றை 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி (தூரிகையற்ற மோட்டார்) மின்விசிறிகளாக மாற்றினாலே நாளொன்றுக்கு 36 யூனிட் மிச்சமாகும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். நம் பகுதியில் ஒரு கிலோவாட் சூரிய மின்தகடு நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். அப்படியானால், விசிறிகளை மாற்றுவதே ஒன்பது கிலோவாட் தகடுகளை ஏற்றுவதற்கு நிகர். எங்களிடம் விலைப்புள்ளி தந்த விற்பனையாளர்களில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. 20 கிலோவாட் அமைப்புக்குப் பணம் தேடிக்கொண்டிருந்த நாங்கள், அவரது அறிவுரையால் 10 கிலோவாட்டோடு நிறைவு கண்டோம்.

மின்தடை வந்தால் சூரிய மின்சாரம் கைகொடுக்கும் என்ற எங்கள் எண்ணத்தைத் திருத்தியவரும் அவரே. மின்வாரியத் தடத்தோடு மட்டும் இணைந்த சாதாரண அமைப்பு, தடத்தில் மின்சாரம் நின்ற நொடியே தானும் நின்றுவிடும். இல்லையெனில் கம்பத்தில் ஏறிப் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிருக்கே ஆபத்தாகும். எனவே ஆக்சிஜன் செறிவூட்டிகள், குளிர்பெட்டி, இரவு விளக்குகள் ஆகியவற்றைத் தனிச்சுற்றாகப் பிரித்து, சூரிய மின்சாரத்தையும் பேட்டரியையும் சேர்த்துக் கையாளும் ஹைபிரிட் இன்வெர்ட்டரைப் பேட்டரியோடு அவற்றுக்கு மட்டும் பொருத்தச் செய்தார். கோடைமழைக் காற்றில் கம்பி அறுந்து ஊரே இருண்ட இரவிலும் அந்தச் சுற்று அணையவில்லை. அன்றிரவு பணியிலிருந்த செவிலியர்களின் சார்பில் அவருக்குத் தனி நன்றி.

இவ்வளவையும் எங்கே கற்றீர்கள் என்று கேட்டபோது, தமக்கு முன் நடந்தவர்களை அவர் சுட்டினார். நேரில் சந்தித்திராவிட்டாலும் அவர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். எளியோருக்குச் சூரிய மின்வசதி செய்துதரும் செல்கோ நிறுவனத்தை 1995-இல் பெங்களூருவில் தொடங்கியவர்களில் ஒருவரும் 2011-இல் மகசேசே விருது பெற்றவருமான திரு. ஹரீஷ் ஹண்டே, ஏழைகளால் சூரிய மின்சாரத்திற்குப் பணம் கட்ட இயலாது என்ற நம்பிக்கையை உடைத்தார். மாதம் 300 ரூபாய் கட்ட முடியாத தெருவோர வியாபாரியால் நாளுக்குப் பத்து ரூபாய் கட்ட முடியும் என்பதைப் புரிந்துகொண்டு, வருமானம் வரும் விதத்திற்கேற்பத் தவணையை அமைக்கக் கிராமிய வங்கிகளை இணங்கச் செய்தார். இன்று செல்கோ அறக்கட்டளை நாட்டின் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்குச் சூரிய மின்வசதி செய்துதரும் பெரும்பணியில் ஈடுபட்டிருக்கிறது. ராஜஸ்தானின் திலோனியா ஊரில் திரு. பங்கர் ராய் நிறுவிய வெறுங்கால் கல்லூரி, எழுதப் படிக்க அறியாத பாட்டிமார்களைச் சூரிய மின்கருவிகளைப் பூட்டவும் பழுதுபார்க்கவும் பயிற்றுவித்தது. நம் கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி, திரு. இரா. சண்முகம் அவர்களின் முன்முயற்சியால், 2006-இல் வங்கிக் கடன் பெற்று 350 கிலோவாட் காற்றாலையை வாங்கியது. ஒரு சிற்றூராட்சி மின்சாரம் ஆக்கி விற்று அந்த வருவாயில் கடனை அடைக்கலாம் என்று அவர்கள் காட்டியிராவிட்டால், எங்கள் அறங்காவலர் குழு கடன் என்ற சொல்லுக்கே இசைந்திருக்காது.

கடன் தந்த கூட்டுறவு வங்கியின் மேலாளருக்கும் நன்றி உரித்தாகுக. நன்கொடையில் இயங்கும் அமைப்புக்குக் கடன் தர எவரும் தயங்குவர். எங்களது பழைய மின்கட்டணச் சீட்டுகளை வரிசையாகப் பார்த்துவிட்டு, மிச்சமாகும் தொகைக்குள் அடங்குமாறு தவணையை அவர் நிர்ணயித்தார். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் மின்னுற்பத்தி குறையும் என்று எடுத்துச் சொன்னதும், அந்த மாதங்களின் தவணையைக் குறைத்து மாசி, பங்குனியில் கூட்டிக்கொண்டார்.

நிறுவனச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து உதவிய நிறுவனத்தார், பெயர்ப்பலகை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளத்தக்க தகடுகளுக்குத் தராமல், எவர் கண்ணிலும் படாத விசிறிகளுக்கும் பேட்டரிகளுக்கும் தந்தார்கள். இத்தகைய கொடையை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. சில ஆண்டுகளில் பேட்டரியை மாற்ற வேண்டியிருக்கும் என்பதை நினைவூட்டி, அதற்கென மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைக்கும் நிபந்தனையையும் அவர்களே விதித்தார்கள். அந்நிபந்தனையை இன்றுவரை வழுவாமல் காத்து வருகிறோம்.

விண்ணப்பத்தில் இருந்த குறைகளைத் தாமே சுட்டிக்காட்டி மின்வாரியத்திலிருந்து வருவதையும் அதற்குச் செல்வதையும் அளக்கும் இருதிசை மீட்டரைப் பொருத்தித் தந்த மின்வாரியப் பொறியாளருக்கும், கம்பியாளர்களுக்கும், அதிகாலையில் தூசு துடைத்துத் தகடுகளைக் கழுவிவரும் எங்கள் ஊர் இளைஞர்களுக்கும் இல்லத்துப் பெரியோர்களின் ஆசிகள் என்றும் உண்டு.

மிச்சமான தொகையிலிருந்து, நெடுநாள் காலியாக இருந்த இரவுநேரச் செவிலியர் பணியிடத்தை இவ்வாண்டு நிரப்பியிருக்கிறோம். விசிறிக் கணக்கு, தனிச்சுற்றின் வரைபடம், வங்கித் தவணை அட்டவணை, மாதவாரி மின்னுற்பத்திப் பதிவேடு ஆகிய அனைத்தும் இல்லத்து அலுவலகத்தில் இருக்கின்றன. இம்முயற்சியில் இறங்க விரும்பும் எந்தத் தொண்டு நிறுவனமும் வந்து பார்க்கலாம், படியெடுத்துச் செல்லலாம். அவர்களுக்கும் வழிகாட்ட அந்த இளம் பொறியாளர் இசைந்திருக்கிறார்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,

செயலாளர்,
அறங்காவலர் குழுவின் சார்பில்