வீட்டு உரிமையாளர் மறைவும் வாடகைதாரரின் அவகாசமும்: சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும், வாடகை அதிகாரிகளாகப் பொறுப்பு வகிக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

வாடகைக்கு விடப்பட்ட வீட்டின் உரிமையாளர் இறந்துவிட்டால் குடியிருப்பவரின் உரிமை அவரோடு முடிந்துவிடுவதில்லை என்பது, நம் மாவட்டத்தில் வீடு கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் இரு தரப்பிலும் பலருக்குத் தெரியவில்லை. அதைத் தெரியப்படுத்தவும், இறப்பை அடுத்து வரும் சில மாதங்களில் இரு தரப்பும் தடுமாறாமல் இருக்கவும், மாவட்ட நிர்வாகம் தன் அதிகாரத்துக்கு உட்பட்டே செய்யக்கூடிய சில ஏற்பாடுகளைக் கோரி இம்மடலை எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்கள் என்னிடம் எழுதச் சொல்லும் வாடகை மனுக்களில் பல ஒரே விதமாகத்தான் தொடங்குகின்றன: வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், கருமாதி முடிந்த கையோடு பிள்ளைகள் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று.

இதில் சட்டத்தின் நிலை தெளிவாகவே இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், குத்தகை எந்தெந்த வகைகளில் முடிவுக்கு வரும் என்பதை 111ஆம் பிரிவில் வரிசையாகச் சொல்கிறது. காலக்கெடு முடிதல், குடியிருப்பவர் தாமே ஒப்படைத்தல், முறையான அறிவிப்பு என்று செல்லும் அந்த வரிசையில் உரிமையாளரின் இறப்பு ஒரு காரணமாக இடம்பெறவில்லை. (இறந்தவருக்கு வாழ்நாள் வரை மட்டுமே அனுபவ உரிமை இருந்த சொத்தாக இருந்தால் நிலைமை வேறு, அப்படிப்பட்ட உயில்களும் செட்டில்மென்ட் பத்திரங்களும் நம் ஊரில் உண்டு என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.) 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, உரிமையாளர்களும் வாடகைதாரர்களும் பெறும் உரிமைகளையும் ஏற்கும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டமும், உரிமையாளர் என்பதற்குள் அவருக்குப் பின் உரிமை பெறுவோரையும் சேர்த்தே பேசுகிறது. ஆகவே தந்தை இறந்தபின் வாடகை வாங்கும் உரிமை பிள்ளைகளுக்கு வரும்போது, தந்தை ஒப்புக்கொண்ட காலக்கெடுவும், அவர் வாங்கி வைத்த அட்வான்ஸைத் திருப்பித் தரும் கடமையும் கூடவே வருகின்றன.

அவகாசத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தில் வேறு எதுவும் சொல்லப்படாத மாத வாடகைக்கு, சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி 15 நாள் எழுத்துப்பூர்வ அறிவிப்பு போதும். அறிவிப்பு கையில் கிடைத்த நாளிலிருந்து அந்த 15 நாள் கணக்காகிறது. இந்த 15 நாளைத்தான் வாரிசுகள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அறிவிப்பு வாடகை உறவை முடிக்குமே தவிர, வீட்டைப் பூட்டும் அதிகாரத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. குடியிருப்பவர் தாமாகக் காலி செய்யாவிட்டால், 2017ஆம் ஆண்டின் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு பெற்றாக வேண்டும். அதற்குள் மோட்டார் சுவிட்சை அணைப்பது, மின் இணைப்பைத் துண்டிக்கச் செய்வது, படிக்கட்டுக் கதவைப் பூட்டுவது போன்றவை அத்தியாவசிய வசதிகளைத் தடுக்கும் செயல்கள். அவற்றை அச்சட்டம் தடை செய்திருக்கிறது. அவை பற்றிய புகாரை வாடகை அதிகாரியிடமே கொடுக்கலாம்.

சாதாரணக் குடித்தனத்துக்கே 15 நாள் பற்றாது. பள்ளி ஆண்டின் நடுவில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அடுத்த வீடு தேடுவதும், அதற்குப் புதிதாக அட்வான்ஸ் புரட்டுவதும் எப்படி என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அம்மாபேட்டையிலும் குகையிலும் பொன்னம்மாபேட்டையிலும் வாடகை வீட்டுக்குள்ளேயே தறி போட்டிருப்பவர்களின் நிலை அதைவிடக் கடினம். குழித்தறி தரையைத் தோண்டிப் பதித்தது. ஏற்றிய பாவு (நீளவாக்கில் கட்டிய நூல்) நெய்து முடியாமல் அதைக் கழற்ற முடியாது, கழற்றினால் நூலும் கூலியும் நட்டம். விசைத்தறியாக இருந்தால் சலுகை மின் இணைப்பைப் புதிய இடத்துக்குக் கேட்டு வாங்கும் வரை தறி ஓடாது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கோ, வெள்ளி உருக்கும் ஓர் அடுப்பை அக்கம்பக்கம் ஆட்சேபிக்காத இடத்தில் அமைப்பதற்கே மாதக்கணக்கில் ஆகிறது. உற்பத்தித் தொழிலுக்கான குத்தகைக்கு ஆறு மாத அறிவிப்பு வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் அதே 106ஆம் பிரிவு சொல்லத்தான் செய்கிறது. ஆனால் பதிவு செய்த பத்திரம் இல்லாத இடத்தில் அதை மாத வாடகையாகவே கருதி 15 நாள் போதும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பட்டறைக்கு வாடகைப் பத்திரம் பதிவு செய்தவர் நம் ஊரில் அரிது. அந்த ஆறு மாதம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கிறது.

அடுத்த சிக்கல், வாடகையை யாரிடம் கொடுப்பது என்பது. உயில் எழுதாமல் ஓர் இந்துக் குடும்பத் தலைவர் இறந்தால், 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய தனிச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் அனைவரும் பங்குதாரர்கள். நடைமுறையிலோ மூத்த மகன் வந்து இனி வாடகையைத் தன்னிடம் கொடுக்கச் சொல்கிறார். இரண்டு மாதம் கழித்து மணமாகிச் சென்ற மகளிடமிருந்து, தன் பங்கைத் தராமல் அண்ணனுக்குக் கொடுத்தால் ஒப்புக்கொள்ள முடியாது என்று வக்கீல் நோட்டீஸ் வருகிறது. அதுவரை நல்லெண்ணத்தோடு கொடுத்த வாடகைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நோட்டீஸ் வந்த பிறகும் அதே கையில் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. பயந்துபோய் யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தினாலோ, வாடகை பாக்கி என்ற காரணத்தை வாரிசுகளுக்கு அவரே எடுத்துக் கொடுத்தவர் ஆகிறார். இத்தகைய ஐயம் எழும்போது வாடகையை வாடகை அதிகாரியிடம் செலுத்திவிடலாம் என்ற வழியை 2017ஆம் ஆண்டின் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் இதைக் கேள்விப்பட்டவர்களை நான் அநேகமாகப் பார்த்ததில்லை.

போக்கியத்துக்கு இருப்பவர்கள் நிலைதான் எல்லாவற்றிலும் மோசம். மாத வாடகை இல்லாமல் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியேறுகிறார்கள். சட்டப்படி அது அனுபவ அடமானமாகக் கருதத்தக்கது, நூறு ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட அடமானத்துக்குப் பதிவு கட்டாயம். ஆனால் இங்கே அது ஒரு முத்திரைத்தாளோடு முடிந்துவிடுகிறது. வாங்கியவர் இறந்ததும், அப்பா வாங்கிய பணம் எங்களுக்குத் தெரியாது என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். இறந்தவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கு அவருடைய கடன்களுக்கு வாரிசுகள் பொறுப்பு என்பதுதான் சட்டம். ஆயினும் பணம் கைமாறியதற்கு வங்கிப் பதிவும் இல்லாமல், சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் ஊரில் இல்லாமல் நிற்பவருக்கு என்ன மனு எழுதிக் கொடுப்பது என்று எனக்கே தெரிவதில்லை.

வாரிசுகள் தரப்பையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மருத்துவமனைக் கடனை அடைக்க வீட்டை விற்றாக வேண்டிய மனைவியும் இருக்கிறார்; தந்தை இரக்கப்பட்டுப் பல ஆண்டுகளாக ஏற்றாமல் விட்ட வாடகையோடு, போகவும் மறுக்கும் குடித்தனக்காரரைச் சுமக்கும் மகனும் இருக்கிறார். மேலும், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாத வாடகைதாரருக்கு 2017ஆம் ஆண்டின் சட்டம் அதிகம் துணை நிற்பதில்லை. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வீட்டைத் திரும்பப் பெறும் காரணமாக அச்சட்டம் ஏற்கிறது. வாய்மொழியில் வாழ்ந்த நம்பிக்கை, பேசியவர்களில் ஒருவர் போனதும் ஆதாரமற்றுப் போகிறது. எனவே நான் கேட்பது வாடகைதாரரை வெளியேற்றவே கூடாது என்பதன்று. யாருக்கு என்ன கடமை, எத்தனை நாள் அவகாசம் என்பது இறப்புக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே.

முதற்கண், வட்டாட்சியர் அலுவலகங்களில் வாரிசுச் சான்றிதழ் வழங்கும்போது, அத்துடன் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்றை இணைத்துத் தரும்படி உத்தரவிட வேண்டுகிறேன். இறந்தவரின் சொத்தில் வாடகைக்கு இருப்பவர் உண்டானால் அவருடைய வாடகை தொடர்கிறது என்பதையும், வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டு யாரிடம், எந்த வங்கிக் கணக்கில் வாடகை செலுத்த வேண்டும் என்று அவருக்குக் கடிதம் கொடுப்பது நல்லது என்பதையும், அட்வான்ஸ் தொகை எவ்வளவு என்று அக்கடிதத்திலேயே ஒப்புக்கொள்ளலாம் என்பதையும் அக்குறிப்பு சொன்னால் போதும். வாரிசுச் சான்றிதழ் வாரிசுகள் யார் என்று காட்டுமே ஒழிய, சொத்து யாருக்கு என்று தீர்மானிப்பதில்லை என்ற ஒரு வரியையும் சேர்த்தால், அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் வந்து காலி செய்யச் சொல்வது குறையும்.

வாரிசுகளுக்குள் ஒப்புதல் இல்லாதபோது வாடகையை வாடகை அதிகாரியிடம் செலுத்தும் முறையையும், அதற்கான விண்ணப்பத்தையும் எல்லா வட்டாட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகைகளிலும் தமிழில் வைக்க வேண்டும். சேலம் மாநகரில் இருப்பவர் எப்படியாவது விசாரித்து வந்துவிடுவார். தலைவாசலிலிருந்தோ கெங்கவல்லியிலிருந்தோ ஒரு மாத வாடகையைச் செலுத்த ஒரு நாள் கூலியை இழந்து வருபவருக்கு அருகிலேயே வழி வேண்டும். ஏற்காட்டில் கடை வாடகைக்கு எடுத்திருப்பவர்களின் உரிமையாளர்கள் பலர் வெளியூர்களில் இருக்கிறார்கள். இறப்புச் செய்தியே தாமதமாகத்தான் மலையேறுகிறது. மே மாதக் கோடை விழா வியாபாரத்தை நம்பிச் சரக்கு எடுத்தவருக்கு ஏப்ரலில் 15 நாள் அறிவிப்பு வந்தால், ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி போய்விடும். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகள் வேலையோடு சேர்ந்தவை என்பதால் அவற்றை இங்கே கலக்கவில்லை.

மூன்றாவது கோரிக்கையைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். 15 நாள் என்பது ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாத இடத்துக்கு மட்டுமே உரியது. இரு தரப்பும் விரும்பினால் நீண்ட அவகாசத்தை எழுதிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆகவே மாவட்ட நிர்வாகம் ஒரு மாதிரி வாடகை ஒப்பந்தத்தைத் தயாரித்து, இ-சேவை மையங்களிலும் பத்திர எழுத்தர்களிடமும் கிடைக்கச் செய்து, நெசவாளர் பகுதிகளிலும் பட்டறைப் பகுதிகளிலும் ஒப்பந்தப் பதிவு முகாம்களை நடத்த வேண்டும். அம்மாதிரியில் கீழ்க்கண்ட பொருளில் ஒரு ஷரத்து இடம்பெற வேண்டும் என்பது என் பணிவான யோசனை: உரிமையாளர் இறக்க நேர்ந்தால், இவ்வொப்பந்தம் மீதிக் காலத்துக்கு அவருடைய வாரிசுகளைக் கட்டுப்படுத்தும்; அதன்பின் காலி செய்யச் சொல்வதாயின் குடியிருப்புக்கு மூன்று மாதமும், தறி அல்லது பட்டறை நடக்கும் இடத்துக்கு ஆறு மாதமும் எழுத்துப்பூர்வ அறிவிப்பு தரப்படும்; அட்வான்ஸ் அல்லது போக்கியத் தொகை சாவியை ஒப்படைக்கும் நாளிலேயே திருப்பித் தரப்படும். ஆறு மாத ஷரத்து நிலைக்க வேண்டுமானால் பட்டறைப் பத்திரங்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதால், முகாமில் பதிவுத்துறையையும் இணைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சேலத்தில் மனு எழுதிப் பிழைக்கும் ஒருவன்