ஹிரிகெட்டியவுக்குப் பிள்ளையைக் கூட்டி வா

அன்புள்ள மகன்,

டிசம்பரில் வரும்போது பேத்தியைத் தெற்குக் கரையில் இருக்கும் ஹிரிகெட்டியவுக்குக் கூட்டிப் போய், பலகையில் நின்று அலையில் வரும் சர்ஃபிங் பழக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். வாசித்தவுடனே பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. இடத்தைக் கண்ணால் காணாமல் ஓம் என்றோ வேண்டாம் என்றோ எப்படிச் சொல்வது? தெற்குக் கரையில் சீசன் ஏப்ரலோடு முடிந்துவிடும், அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று மாமாவைப் பிடித்து அவருடைய வான் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். கூட்டி வா. ஆனால் எனக்குச் சொல்வதற்குச் சில விஷயங்கள் இருக்கின்றன, பொறுமையாக வாசி.

மாத்தறை தாண்டித் தேவேந்திரமுனைப் பக்கமாகப் போனோம். தொண்டேஸ்வரம் என்று நாங்கள் சொல்லும் தென்னாவரம் கோவில் இருந்த ஊர் அதுதான், 1588இல் போர்த்துக்கீசர் இடித்தது. கொழும்பு மியூசியத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு, சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதி போட்டது, அதன் தமிழ்ப் பகுதியில் இந்தக் கோவில் சாமிக்குத்தான் காணிக்கை சொல்லியிருக்கிறது. பிள்ளைக்கு முதலில் மியூசியத்தில் கல்லைக் காட்டிவிட்டு அப்புறம் இந்த வழியாகக் கூட்டிப் போனால் அவளுக்கு விளங்கும். இலங்கையின் தென்கோடியும் அதுதான். அங்கே நின்று தெற்கே பார்த்தால் அண்டார்டிக்கா வரைக்கும் நடுவில் நிலமே கிடையாது.

திக்குவல்லை டவுன் கழிந்து கொஞ்சத் தூரத்தில் ஹிரிகெட்டிய. லாட வடிவத்தில் ஒரு குட்டிக் குடா, இரண்டு பக்கமும் தென்னை நிற்கும் முனைகள், அடியில் பாறை, நடுவில் மட்டும் மணல். கரை முழுக்க அப்படித்தான் கரடுமுரடு. இன்னும் கொஞ்சம் போனால் குடாவெல்லையில் ஹும்மானய இருக்கிறது, பாறைக்கு அடியில் புகுந்த கடல்நீர் பாறை இடுக்கு வழியாக மேலே பீறிட்டு அடிக்கும் இடம். அந்தத் தண்ணீரின் பலத்தைப் பிள்ளை ஒருதரம் பார்த்துவிட்டுக் கடலுக்குள் இறங்குவது நல்லது என்று எனக்குப் படுகிறது.

நான் ஒரு தென்னை நிழலில் உட்கார்ந்து காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் மகள் வயதுதான் இருக்கும், ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஊர்ப் பையன் ஒருவன் பழக்கிக்கொண்டிருந்தான். முதலில் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. மணலில் விரலால் பலகை அளவுக்கு ஒரு கோடு கீறி, அதற்குள் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, கைகளை நெஞ்சுக்குப் பக்கத்தில் ஊன்றி எழும்பவைத்தான். திரும்பத் திரும்ப, அவள் சலித்துப் போகும் வரைக்கும். பிறகு பலகையின் கயிற்றைக் காலில் கட்டி, அது இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, இடுப்பளவு தண்ணீருக்குள் கொண்டுபோனான். மெத்தென்ற ஃபோம் பலகை, தலையில் பட்டாலும் பெரிய காயம் வராது. அவன் ஒரு கையால் பலகையின் வால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளையைப் பார்க்கவே இல்லை, வெளியே கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்ச நேரம் கடல் அடங்கும், பிறகு மறுபடி வரும். தென் சமுத்திரத்தில் எங்கேயோ அடித்த புயல் கிளப்பிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வரும்போது அப்படிப் பிரிந்து கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துகொள்கின்றன. பெரிய கூட்டத்தைப் போகவிட்டு, சின்னதாக வெள்ளை நுரையோடு வந்த ஒன்றில் அவளைத் தள்ளிவிட்டான். எழும்பி நின்றாள், மகன். கரை வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பேத்தியைத்தான் அங்கே கண்டேன்.

உனக்குத் தெரியும், வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல் என்றால் நம் வீடுகளில் அது பார்ப்பதற்கு மட்டும்தான். கற்களில் உட்கார்ந்து வடை சாப்பிடலாம், கால் நனைக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அதையும் குறைத்துக்கொண்டோம். இந்தப் பயம் எனக்கு என் அம்மாவிடமிருந்து வந்தது, பேத்திக்கும் போய்விடக் கூடாது என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். அவள் கடலைத் தெரிந்துகொண்டு மதிக்க வேண்டும்.

அதனால் சொல்கிறேன், அவளை நடு மணலில் மட்டும் விடு. கடலைப் பார்த்து நின்றால் இடப்பக்க முனையில் வடிவாக நீண்டு உடையும் அலை இருக்கிறது, உனக்கு அதில்தான் கண் போகும், ஆனால் அடியில் பாறையும் முள்ளும். அங்கே நீ போவதென்றால் பிள்ளை கரையில் என்னோடு இருக்கும் நேரத்தில் போ. சிட்னியில் சிவப்பும் மஞ்சளுமான கொடிக்கு நடுவில் நீந்திப் பழகிய பழக்கத்தோடு இங்கே வராதே. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும், அந்த வழியில் அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும், அதுதான் இழுத்துக்கொண்டு போகும் இடம். மாட்டினால் எதிர்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி விலக வேண்டும் என்று அவளுக்கு வாயால் சொன்னால் போதாது, மணலில் அரை மணி நேரம் அவளோடு உட்கார்ந்து அந்த இடத்தைக் கையால் காட்டு. ஊர்ப் பையன்களிடமும் கேள், உன் சிங்களம் போதாவிட்டால் நான் கேட்டுத் தருகிறேன்.

குளிர் உடுப்பு ஒன்றும் தேவையில்லை, தண்ணீர் வெதுவெதுப்புத்தான். வெயில்தான் பொல்லாதது, கைநீளச் சட்டை ஒன்று கொண்டு வா, காலை வேளையிலேயே இறக்கு. தேதியை மட்டும் ஜூலைக்கு மாற்றிவிடாதே, தென்மேற்குக் காற்றில் இந்தப் பக்கக் கடல் குழம்பிவிடும். அப்போதென்றால் கிழக்குக் கரையில் பொத்துவிலுக்கு, அறுகம்பைக்குத்தான் போக வேண்டும், அது இந்த வயதில் எனக்கு நீண்ட பயணம்.

ஹைவேயில் போனால் கெதி. ஆனால் பேத்தியை நான் ரயிலில்தான் கூட்டிப் போவேன். 2019இல் இருந்து பெலியத்தை வரைக்கும் ஓடுகிறது, திக்குவல்லைக்குப் பக்கத்தில் வெவுருகன்னலை ஸ்டேஷனில் இறங்கினால் ஓட்டோ பிடிக்கலாம். போகும்போது வலப்பக்கச் சீட், கடல் அந்தப் பக்கம்தான். அதுவரை அவளுடைய நீச்சல் வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதே, டிக்கெட் போட்டவுடன் எனக்குத் தேதியைச் சொல்.

அன்புடன்,
அம்மா