ஒரு நிமிட அமைதி அனுப்புங்கள், தாத்தா

டர்பன், தென்னாப்பிரிக்கா,
ஆகஸ்ட் 10.

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே இது குளிர்காலம், ஆனாலும் ஒரு ஸ்வெட்டர் போதும்.

சினிமா படிக்கக் கடல் தாண்ட வேண்டுமா என்று கேட்டீர்கள். டூரிங் கொட்டகையில் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டியவர் நீங்கள். கேட்க உரிமை உண்டு. 1000 அடி ரீல் 11 நிமிடம் ஓடும் என்று நீங்கள் சொல்லித் தந்ததை வகுப்பில் சொன்னேன். ஹார்ட் டிஸ்க் மட்டுமே தெரிந்த பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு உங்களைப் பற்றிக் கேட்டார்கள். பெருமையாக இருந்தது.

முதுகலைக்கு ஒரு படமும் அதையொட்டி ஓர் ஆய்வேடும் தர வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் ஒரு பாட்டியைப் படமெடுக்கிறேன். நிறவெறிக் காலத்தில் இந்தியர்களை வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் குடியேற்றிய பகுதி அது. அவரை எல்லாரும் ஆயா என்கிறார்கள், நம் பக்கத்துச் சொல்லேதான்! தமிழ் பேச வராது. ஆனால் மாரியம்மன் பாட்டை ராகம் பிசகாமல் பாடுகிறார். பாடி முடித்ததும், "கரகம் என்றால் என்ன?" என்று என்னை ஆங்கிலத்தில் கேட்டார். கேமராவுக்குப் பின்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

போன சனிக்கிழமை அங்கே ஆடிக்கூழ். இங்குள்ளவர்கள் 'போரிட்ஜ் பிரேயர்' என்கிறார்கள். நாள் முழுக்க எடுத்தேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன், அறையின் அமைதியை. யாரும் பேசாதபோதும் ஓர் அறைக்கு அதற்கே உரிய ஒலி உண்டு, தாத்தா. பேச்சை வெட்டி ஒட்டும் இடத்தில் அந்த ஒலி இல்லாவிட்டால் காதில் பள்ளம் விழுந்தது போலிருக்கும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடமாவது தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆசிரியர் கண்டித்தார், அது நியாயம்தான்.

மறுநாள் திரும்பப் போனேன். வீட்டார் அனைவரும் அசையாமல் உட்கார்ந்தார்கள். ஆயா கண்ணை மூடிக்கொண்டார். ஃபிரிட்ஜின் முனகல், தூரத்தில் ஒரு பஸ், ஜன்னலில் மைனா. இங்குள்ள மைனாக்களும் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவைதானாம். இந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த மிக நல்ல நிமிடம் அது.

அப்புறம் ஆயா ஒரு காகிதத்தைக் காட்டினார். 1860இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து முதல் கரும்புக் கூலிகளை இங்கே இறக்கியது. பின்னால் வேறொரு கப்பலில் வந்தவர் ஆயாவின் பாட்டனார். கப்பல் பதிவேட்டின் நகலில் அவருடைய எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கின்றன. மாவட்டம் வட ஆற்காடு. ஊர்ப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். வாய்விட்டுப் படித்தால் குடியாத்தத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்று போல ஒலிக்கிறது. நகலை மாமாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் உங்கள் கொட்டகை போகாத ஊர் கிடையாதே.

ஊர் அதுதான் என்று உங்களுக்குத் தோன்றினால், மாமாவை அழைத்துக்கொண்டு ஒரு விடியற்காலை போய் வாருங்கள். ஏதாவது ஒரு திண்ணையில் போனை வைத்துவிட்டு, ஒரு நிமிடம் யாரும் பேசாமல் பதிவு செய்து அனுப்புங்கள். ஆயாவின் பாட்டுக்கு அடியில் அதை வைக்கப் போகிறேன். காற்று அடித்தால் போனைத் துண்டால் லேசாக மூடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புப் பேத்தி